எறும்பு ஏறாத ஜாடி

யாராவது பேர் கேட்டால்கூட, ஒருமுறை எச்சில் விழுங்கிவிட்டுத்தான் அமிர்தம் பதில் சொல்வாள். ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றவள். பெண்ணாடத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விருத்தாசலத்துக்கு வாழ வந்தபோது பதினெட்டு வயது. வந்த மறு மாதமே பீங்கான் பட்டறையில் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பேச வேண்டாத வேலை என்பதாலேயே அவளுக்கு அது பிடித்துப்போனது.

அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த ஜாடியை, பட்டறையில் கிளேஸ் என்று சொல்லும் பூச்சில் முக்கி எடுப்பார்கள். சூளையில் அந்தப் பூச்சு உருகி, ஆறும்போது கண்ணாடிபோல மூடிக்கொள்ளும். ஆனால் ஜாடியின் அடியில் பூச்சு இருந்தால் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். மூடி உட்காரும் பள்ளத்தில் இருந்தால் மூடியும் ஜாடியும் ஒன்றாகிவிடும், பிறகு சுத்தியலால்தான் திறக்க வேண்டும். அதனால் அந்த இரண்டு இடத்திலும் ஈர ஸ்பாஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்துவிட வேண்டும். அமிர்தம் பன்னிரண்டு வருஷமாக அந்தச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளம் தட்டுப்பட்டால் போதும், அவள் விரல் தானாகவே சுற்ற ஆரம்பித்துவிடும்.

அவள் புருஷன் கோதண்டபாணி அச்சுக்காரன். எண்பத்தெட்டில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டு, அமிர்தத்தையும் சேர்த்து நான்கு பெண்களை வைத்து ஊறுகாய் ஜாடி செய்துகொண்டிருந்தான். வாய் ஓயாமல் பேசுவான். அவள் பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசுகிறான் என்று ஷெட்டுப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

எறும்பைப் பற்றி முதலில் யோசித்தது அமிர்தம்தான். எல்லார் வீட்டையும் போல அவள் வீட்டிலும் சர்க்கரை டப்பா ஒரு தட்டுத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். தண்ணீர் வற்றும். யாராவது டப்பாவை எடுத்துவிட்டுத் தட்டுக்கு வெளியே வைத்துவிடுவார்கள். டப்பாவின் அடி துருப்பிடிக்கும். ஒருநாள் காலையில் அடுப்படியில் உட்கார்ந்து, எறும்பு தட்டைச் சுற்றிச் சுற்றி வருவதை வெகுநேரம் பார்த்திருந்தவள், பல் விளக்கிக்கொண்டிருந்த புருஷனிடம் கேட்டாள்.

"என்னங்க, தட்டும் டப்பாவும் ஒரே உடம்பா இருந்தா என்ன?"

அவன் வாயில் இருந்த பல்பொடியைத் துப்பாமலே திரும்பிப் பார்த்தான்.

ஆறு அச்சு வீணானது. ஏழாவதில் ஜாடி நின்றது. அடியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், அதில் தண்ணீர் ஊற்றிவிட்டால் எறும்பு உள்ளே வர வழியில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் சர்க்கரையில் எறும்பு மொய்த்தது. கோதண்டபாணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அமிர்தம் ஜாடியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஜாடியின் வயிறு சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. எறும்பு சுவர் வழியாக வந்து நேராக வயிற்றில் ஏறியது.

"வயித்தவிட பள்ளம் வெளியத் தள்ளி இருக்கணும்ங்க. அப்ப செவுத்துல இடிச்சாலும் வயிறு படாது."

"பேசறதே வருசத்துக்கு நாலு பேச்சு. அதுல ரெண்ட இந்த ஜாடிக்கே செலவழிச்சிட்டியே" என்றான் அவன். ஆனால் அன்றைக்கே அச்சை மாற்றினான்.

மாசி மகத் திருவிழாவில் கோயில் வீதியில் பரப்பி வைத்தார்கள். "எறும்பு ஜாடி, எறும்பு ஜாடி" என்று அவன் கூவ, "ஏம்பா, எறும்ப வூட்ல ஜாடி வாங்கி வளக்கணுமா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வாங்கவும் செய்தார்கள். இரண்டு நாளில் அத்தனையும் தீர்ந்தது.

திருவிழா வருஷத்துக்கு ஒருமுறைதான். மற்ற நாளில் ஊறுகாய் ஜாடிக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. அந்த வருஷம், தொண்ணூற்று மூன்றில், குஜராத்தில் ஒரு கம்பெனியிலிருந்து கோதண்டபாணிக்குக் கடிதம் வந்தது. அச்சு மேஸ்திரி வேலை. தங்க இடம் தருவார்கள், ஆனால் குடும்பம் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரலாம்.

"மெட்ராஸ்ல ஒரு பெரிய கடையாவது நம்ம ஜாடிய ஏத்துக்கிச்சின்னா இங்கியே கெடப்பேன். இல்லன்னா சித்திரைக் கடைசியில ரயிலேற வேண்டியதுதான்" என்றான்.

அமிர்தம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. எச்சில் விழுங்கினாள். அதோடு அதுவும் உள்ளே போய்விட்டது.

மெட்ராஸில் பதினாலு கிளை வைத்திருந்த ஒரு கடைக்கு அவன் ஏற்கெனவே இரண்டுமுறை போய்த் திரும்பியிருந்தான். முதல்முறை வாசலோடு சரி. இரண்டாம் முறை மாடிவரை போனான். சரக்கு வாங்குகிற அதிகாரி குருமூர்த்தி, "எறும்பு வராதுன்னு எல்லாரும்தான் சொல்றான். தரையில கோடு போடற சாக்பீஸ் விக்கிறவனும் அதைத்தான் சொல்றான்" என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை கிளம்பும்போது, "எறும்பையே காட்டிட்டா?" என்றாள் அமிர்தம். அதனால் அவளையும் கூட்டிப் போனான்.

குருமூர்த்தியின் மேசையில் சாதாரண ஜாடி ஒன்றும் அவர்கள் ஜாடி ஒன்றும் வைத்தார்கள். இரண்டிலும் சர்க்கரை. கோதண்டபாணி பேசிக்கொண்டிருக்கும்போதே அமிர்தம் பையிலிருந்து ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தாள்.

"என்னம்மா அது?"

"எறும்பு சார்."

"எங்கேர்ந்து?"

"எங்க வூட்லேர்ந்து."

"மெட்ராஸ்ல எறும்புக்கா பஞ்சம்?"

"இங்கத்தது எங்க இருக்கும்னு தெரியாதுங்களே. இது கடிக்காது சார், பிள்ளையார் எறும்பு."

குருமூர்த்தி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். டீ வந்து, குடித்து முடிப்பதற்குள் சாதாரண ஜாடியில் எறும்பு வரிசை கட்டிவிட்டது. மற்ற ஜாடியில் பள்ளத்தின் விளிம்புவரை ஏறி, தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது. பத்துப் பதினைந்து எறும்பு பைலுக்குள்ளும் போயிற்று. அவர் பைலைத் தட்டிக்கொண்டே, "சரி" என்றார்.

ஒரே ஒரு கிளையில், ஒரு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். எட்டு டஜன் ஜாடி, பத்து நாளில் வேண்டும். அலமாரித் தட்டுக்குள் நிற்கிறமாதிரி ஒன்பது அங்குலத்துக்கு மேல் உயரம் கூடாது. ஒவ்வொன்றுக்கும் அட்டைப்பெட்டி. ஒரு ஜாடியில் சர்க்கரையும் பள்ளத்தில் தண்ணீருமாக, ஜனங்கள் பார்க்க அலமாரியிலேயே வைக்க வேண்டும்.

சூளையில் ஜாடி சுருங்கும். சுட்டபின் ஒன்பது அங்குலம் வரும்படி கோதண்டபாணி புதிதாக அச்சுப் போட்டான். ஐந்து நாள் ஷெட்டில் யாரும் நிமிரவில்லை. சூளைக்கு ஏற்றுகிற அன்று அமிர்தத்தின் முன்னால் பூச்சில் முக்கிய ஜாடிகள் வரிசையாக நின்றன.

"யக்கா, மெட்ராஸு போயிட்டு வந்ததுலேருந்து ஒங்க கையி எக்ஸ்பிரஸு கணக்கா ஓடுது" என்றாள் பக்கத்தில் முக்கிக்கொண்டிருந்த விருத்தாம்பாள்.

அமிர்தம் சிரித்தாள். வாசலில் கோதண்டபாணி யாரிடமோ பேசுவது கேட்டது. குஜராத்துக்கு மெட்ராஸில் வண்டி மாற வேண்டுமா, எத்தனை நாள் ஆகும், சப்பாத்தியே தின்றால் வயிறு தாங்குமா. அவள் கை சுற்றிக்கொண்டே இருந்தது.

சரக்கு போய் பன்னிரண்டாம் நாள், தெரு முக்கில் டெலிபோன் பூத் வைத்திருந்த கோவிந்தசாமி ஓடிவந்து, "மெட்ராஸ்லேருந்து போனு, கோவமா பேசறாரு" என்றார். போன கோதண்டபாணி திரும்பி வந்து ஷெட்டுக்குள் போய் அச்சு மேடைமேல் உட்கார்ந்துவிட்டான். பார்வைக்கு வைத்த ஜாடி ஒழுகி, கீழ்த்தட்டில் இருந்த ரவைப் பாக்கெட்டெல்லாம் நனைந்துவிட்டதாம். வாங்கிப் போனவர்களிலும் இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களாம். வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் குருமூர்த்தி.

"மண்ணு கோளாறோ, என் அச்சு கோளாறோ. ஒசரத்தக் கொறைச்சதுல எங்கியோ தப்பு பண்ணிட்டேன். எனக்கு இவ்வளவுதான் தெரியும்போல" என்றான். சட்டைப்பையிலிருந்து குஜராத் கடிதத்தை எடுத்துத் தொடைமேல் வைத்து நீவினான்.

எப்போதும் பேசுகிறவன் அதற்குப் பிறகு பேசவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்குள் போனாள். அந்தச் சூளையில் கூடுதலாகச் செய்த ஜாடி ஒன்று அடுப்படியில் இருந்தது. பள்ளத்துக்குள் விரலை விட்டுச் சுற்றினாள். ஓரமெல்லாம் வழவழவென்று இருந்தது. அடிமட்டத்தில், நடுவில், விரல் சொரசொரத்தது. பூனை நாக்குமாதிரி ஒரு மெல்லிய வளையம். கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையோடு வெள்ளை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். மண் அதைக் குடித்துவிட்டது.

அங்கே பூச்சு இல்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள். வளையம் முடிகிற இடத்தில் ஸ்பாஞ்சு கொஞ்சம் இடப்பக்கம் இழுத்திருந்தது. ஷெட்டில் இடது கையால் துடைக்கிறவள் ஒருத்திதான்.

மூடியின் பள்ளத்தைத் துடைத்த கை, அதே வேகத்தில் கீழே இறங்கி, இதுவும் ஒரு பள்ளம்தானே என்று இதையும் துடைத்துவிட்டிருக்கிறது.

அமிர்தம் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள்.

"ஒங்க அச்சுல தப்பில்ல. மண்ணுலயும் இல்ல. நாந்தான் பள்ளத்தத் துடைச்சிட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஜாடியை வாங்கி விரலை விட்டான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"எல்லாத்தையுமா?"

"இல்ல. எல்லாத்தையும் துடைச்சிருக்க மாட்டேன். கடைசி நாளு கொஞ்சத்த மட்டும். எதுன்னு தொட்டா தெரியும்."

"பன்னண்டு வருசத்துல ஒரு ஜாடிகூட தப்பாத் துடைச்சதில்லியே நீ" என்றான். திட்டுவதுபோல இல்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறமாதிரி இருந்தது.

அவள் ஜாடியைத் திரும்ப வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கடையில் குருமூர்த்தி அவர்களை உட்காரச் சொல்லவில்லை. கோதண்டபாணி வாயைத் திறப்பதற்குள் அமிர்தம் முன்னால் வந்தாள். எச்சில் விழுங்கினாள்.

"தப்பு என் கையில சார். ஜாடியில இல்ல. நல்லதையும் கெட்டதையும் பிரிச்சிக் குடுத்துட்டுப் போறேன்."

"பார்த்தா எல்லாம் ஒரேமாதிரி இருக்கும்மா."

"பாக்க வேணாம் சார். தொட்டாப் போதும்."

அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தாள். சாமான் வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் முகத்தை நிமிர்த்தாமல் விரலை மட்டும் சுற்றினாள். நல்லது வலப்பக்கம், கெட்டது இடப்பக்கம். அறுபத்தெட்டில் பதினொன்று இடப்பக்கம் போனது. தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னம்மா தேடறே?"

"சொரசொரப்புங்க. இங்க விரல விட்டுப் பாருங்க… இது தண்ணி குடிக்கும். இதப் பாருங்க, இது குடிக்காது."

அந்த அம்மாள் இரண்டிலும் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு வலப்பக்கத்திலிருந்து ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து, மறுபடி ஒருமுறை விரலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டியில் வைத்துக்கொண்டாள்.

குருமூர்த்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். வலப்பக்கத்திலிருந்து மூன்று ஜாடியை எடுத்துப்போய், மேசையில் செய்தித்தாள் விரித்து வைத்து, பள்ளம் நிறையத் தண்ணீர் ஊற்றினார்.

"நாளைக்குக் காலைல பேப்பர் காஞ்சிருந்தா பார்க்கலாம். நனைஞ்சிருந்தா இதோட சரி. பூத்துக்குப் போன் பண்றேன்."

திரும்பும் பஸ்ஸில் பதினொரு பெட்டியும் அவர்கள் மடியிலும் காலடியிலுமாக இருந்தன. உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. கோதண்டபாணி ஜன்னல் வழியாக டீ வாங்கிக் கொடுத்தான்.

"கேக்கறேன்னு தப்பா நெனக்காத. அன்னிக்கி என்ன ஆச்சி ஒனக்கு?"

அமிர்தம் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"வாசல்ல நின்னு ரயிலப் பத்திக் கேட்டுக்கிட்டிருந்தீங்க. நீங்க போயிடுவீங்களேன்னு நெனச்சிக்கிட்டே துடைச்சேன்." டீயைப் பார்த்துக்கொண்டே, "போவாதீங்க" என்றாள்.

அவன் அவளைப் பார்க்காமல் தன் மடியில் இருந்த பெட்டிகளை அடுக்கினான். சரியாக இருந்ததையே மறுபடி அடுக்கினான்.

"நாளைக்கு அந்தப் பேப்பரு நனைஞ்சிருந்தா?"

"நனைஞ்சிருந்தாலும் போவாதீங்க."

பஸ் கிளம்பியது. டீ பாதி அவள் புடவையில் சிந்தியது. "இத்தன நாளா இத ஏண்டி சொல்லல? சொல்லியிருந்தா பதினோரு ஜாடி மிச்சமாயிருக்குமே" என்று அவன் தன் துண்டால் துடைத்துவிட்டான். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அமிர்தம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கோவிந்தசாமி வந்தார். இந்தமுறை ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தார். பேப்பர் காய்ந்திருந்ததாம். மாதம் முடிகிறவரை ஜாடி அலமாரியில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். மாதம் முடிந்தபோது பதினாலு கிளைக்கும் கேட்கவில்லை. மூன்று கிளைக்கு மட்டும் கேட்டார்கள். மூன்று போதும் என்று கோதண்டபாணி குஜராத்துக்கு வரவில்லையென எழுதிப் போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு ஷெட்டிலிருந்து அமிர்தத்தின் விரல் சுற்றாமல் ஒரு ஜாடியும் பெட்டிக்குள் போனதில்லை. தொண்ணூற்று ஏழில் ஏழு கிளைக்குப் போய்க்கொண்டிருந்தபோதும் அப்படித்தான். ஒழுகிய பதினொன்றையும் அவர்கள் உடைக்கவில்லை. அடியில் ஓட்டை போட்டு, ஷெட்டின் வாசல் ஓரம் துளசியும் கற்றாழையும் வைத்திருக்கிறார்கள்.

துடைக்கிற இடத்தில் அவள் கை என்றைக்காவது கொஞ்சம் வேகமாகப் போனால், கோதண்டபாணி அச்சு மேடையிலிருந்தே குரல் கொடுப்பான்.

"ஏ அமிர்தம், இப்ப என்னா நெனச்சிக்கிட்டுத் துடைக்கிற?"

"ஒண்ணுமில்ல" என்பாள் அவள். ஆனால் ஸ்பாஞ்சைக் கீழே வைத்துவிட்டு, ஏதாவது இருந்தால் சொல்லிவிடுவாள்.