கொழுந்துக் கம்பியும் நான் கேட்காத பூவும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருடம் தயங்கினேன். கொப்பியை எடுத்து உட்காருவேன்; சாமி குற்றமாகிவிடுமோ என்று மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் எல்ல என்ற ஊர்ப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்று உல்லாசப் பயணிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தைக் கடக்கிறார்கள். அந்த இரும்புத் தூண்கள் கொழுந்துக்காக நட்டவை. மேல் மலையில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக் கொக்கியில் மாட்டி விடுவோம். அது கீழே கொட்டகைக்குப் போய்ச் சேரும். மேலே ரோதை, அதாவது கம்பி ஓடும் பெரிய சக்கரம். அதன் அடியில் ஒரு கல். அதுதான் ரோதமுனி. தினமும் சூடம் காட்டிய பிறகுதான் முதல் சாக்கைத் தொடுவேன்.

கீழே சாக்கை இறக்கியவள் என் மனைவி. நான் கம்பியில் இரண்டு தட்டு தட்டினால் சாக்கு வருகிறது என்று அர்த்தம். பதிலுக்கு அவள் ஒரு தட்டு தட்டுவாள். பகலெல்லாம் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "ஏங்க, ஒரு தடவ நானும் மேல வரட்டா? அங்கேருந்து பாத்தா நான் எப்பிடித் தெரியிறேன்னு பாக்கணும்."

"பொம்பளைங்க ரோதகிட்ட வரக்கூடாது. முனி கோவிச்சுக்கும்."

"கோவம் முனிக்கா, ஒங்களுக்கா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதன்பின் அவள் கேட்கவும் இல்லை. பிறகு கொழுந்தேற்ற லொறி வந்தது, கம்பி நின்றது. சில வருடங்களில் பதுளை ஆஸ்பத்திரியில் அவளும் போய்விட்டாள்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தனியாக இருந்த என்னை, விளையாட்டுக் கம்பி போட வந்தவர்கள் கூப்பிட்டார்கள். தூணும் ரோதையும் பழையவை, கம்பி மட்டும் புதிது. முனிக்குப் பயந்து வேலையாட்கள் ஏறமாட்டோம் என்றதால் பூசைக்கு என்னை வைத்தார்கள். திறப்பதற்கு முதல் நாள், பயணிகளுக்குப் பாதுகாப்பு வார் மாட்டிவிட ஒரு பெண்ணை மேலே அனுப்பினார்கள். இரண்டு பிள்ளைகளின் தாய், புருஷன் இல்லாதவள்.

"இங்க பொம்பளைங்க நிக்கக்கூடாது தாயி," என்றேன்.

"நீங்க ஆகாதுன்னு சொன்னா என்னை நிப்பாட்டிருவாங்க பெரியப்பா. சாமிகிட்டயே கேட்டுச் சொல்லுங்க. சாமி வேணாம்னா எறங்கிப் போறேன்."

மறுக்க முடியவில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் ஒரே மாதிரி கட்டிக் கல்லின் முன் வைத்தேன். வெள்ளை வந்தால் சம்மதம். கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

வெள்ளை.

"அப்பாடா! ஒங்களவிட சாமி நல்லவரு," என்று சொல்லி அவள் வாரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

பூக்கட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆனது? ஒரு வெற்றிலை போடும் நேரம். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகக் கேட்டேன். கூடவே வாழ்ந்தவளுக்காக ஒருநாளும் கேட்கவில்லை. முனி வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சொன்னது நான்தான்.

அன்று கீழே பார்த்தேன். அந்தக் கொட்டகையில்தான் இப்போது சீட்டுக் கொடுக்கிறார்கள். என் மனைவி எப்போதும் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. மேலே இருந்து பார்த்தால் அவள் தலையில் கட்டிய சிவப்புத் துணிதான் முதலில் தெரியும். சாக்கு வரும்போது ஒரு காலை முன்னால் வைத்து நிற்பாள். இதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

இப்போதும் காலையில் ஆட்கள் வருமுன் கம்பியில் இரண்டு தட்டு தட்டுகிறேன். காதை வைத்துக் கேட்பேன். காற்றுச் சத்தம் மட்டும் வரும். "யாருக்குப் பெரியப்பா தட்டுறீங்க?" என்று அந்தப் பெண் ஒருநாள் கேட்டாள். கம்பியைச் சோதிக்கிறேன் என்றேன்.

இதைப் படித்தவர்கள் மற்றவர்களிடமும் சொல்லுங்கள். ஆனால் பாதியை விட்டுவிட்டு, முனி இல்லை என்று நான் எழுதியதாகச் சொல்லிவிடாதீர்கள். முனி இருக்கிறார். நான் அவரிடம் கேட்கவில்லை. இதை இப்படியே சொல்லுங்கள்.