முள்ளம்பன்றியின் தோலும் செல்லக்கிளியின் தோலும்

முள்ளம்பன்றிக்குப் பேர்தான் பன்றி. இனத்தில் அது எலிக்கு உறவு. சாதாரண எலி மூன்று வருஷம் இருந்தாலே அதிகம். இது இருபதைத் தாண்டியும் அசராது. அது ஏன் என்று ஆராய நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே கண்ணாடித் தட்டு கழுவுகிற வேலை செல்லக்கிளிக்கு.

கூண்டில் இருந்த முள்ளம்பன்றி போன தையில் செத்துப்போனது. குழி தோண்டிப் புதைத்ததை அவளே பார்த்தாள். ஆனால் முன்பு அதன் காதோரம் கிள்ளியெடுத்த தோலின் செல்கள், உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டிக்குள், கண்ணாடித் தட்டில் இன்னும் பெருகிக்கொண்டிருந்தன. செத்தது மண்ணுக்குள் கிடக்க, அதன் தோல் மட்டும் இங்கே வளர்கிறதே என்று நினைத்தால் அவளுக்கு முதுகு சில்லிடும். பெட்டியைத் திறக்கும் முன் கதவைத் தட்டுவாள். யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று மெதுவாகத்தான்.

ஒருநாள் ஆய்வு மாணவி தமிழ்வாணி அந்தச் செல்களின் மேல் மருந்து விட்டாள். நஞ்சைத் தாங்குகிற தெம்புதான் நீண்ட ஆயுளுக்குக் காரணமா என்று பார்க்கும் சோதனை. என்ன மருந்து என்று கேட்டாள் செல்லக்கிளி. வயலில் அடிக்கிற களைக்கொல்லிதான் என்றதும் கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

சில வருஷம் முன்பு காளை என்கிற அவள் புருஷனைக் கொன்றது அதுதான். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் யாரோ ஊற்றி வரப்பில் வைத்திருந்ததை, வெயில் தாகத்தில் ஒரு மடக்கு குடித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மறுநாளே எழுந்து உட்கார்ந்து, "நல்லாத்தான் இருக்கேன், வீட்டுக்குப் போவோம் கிளி" என்றான். டாக்டர் வேண்டாமென்று சொல்லியும் கூட்டி வந்தாள். வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டே அவள் கொடுத்த கஞ்சியைக் குடித்தான். அடுத்த வாரம் மூச்சு முட்டிச் செத்தான். கூட்டி வந்ததால்தான் செத்தான் என்று மாமியார் சொன்ன சொல் அவளைத் தின்றுகொண்டே இருந்தது. நாம்தான் கொன்றோமா, இல்லையா? அது மட்டும் தெரிந்தால் போதும் அவளுக்கு.

ஒப்பிட்டுப் பார்க்க மனிதத் தோல் வேண்டியிருந்தது.

"என்னுதை எடுங்க மேடம்" என்றாள் செல்லக்கிளி.

கையெழுத்து வாங்கி, டாக்டரை வைத்து, மேற்கையில் துளி எடுத்தார்கள். அது வளர்ந்ததும் அதன்மேலும் அதே மருந்து.

அன்று சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து தன்னையே பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு?"

"அப்படித்தான்க்கா தெரியும்."

மறுநாள் அவளுடைய செல்கள் சுருண்டு, உருண்டு, மிதந்தன. முள்ளம்பன்றியுடையவை தட்டைக் கவ்வியபடியே கிடந்தன. புதைத்த மிருகம் இன்னும் பிடியை விடவில்லை. செல்லக்கிளி தன் மேற்கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

"நேத்து நல்லாருந்துச்சே?"

"மருந்து உள்ள போனப்பவே முடிஞ்சிருச்சுக்கா. வெளிய தெரியத்தான் நேரமாகும்."

"ஆளுக்கும் அப்படித்தானா?"

காளையின் கதை தமிழ்வாணிக்குத் தெரியும். "அந்த மருந்து ஒரு மடக்கு போனாலே அப்படித்தான்க்கா. ஆஸ்பத்திரியிலயே வச்சிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாரு."

செல்லக்கிளி தரையில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷப் பாரம் இறங்கிய அழுகை. பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"அப்ப மேடம், உள்ள போனப்பவே முடிஞ்சிருச்சுன்னா, அம்புட்டு நாளும் சிரிச்சுக்கிட்டு எங்கிட்டக் கஞ்சி வாங்கிக் குடிச்சது யாரு?"