எங்கள் வீட்டுக் கிளி

இப்போதும் யார் வீட்டிலாவது கிளியைப் பார்த்தால் என் கண் முதலில் அதன் இறக்கைக்குத்தான் போகும். வளர்ந்த இடம் அப்படி.

விருத்தாசலத்தில் எங்கள் வனத்துறை குவார்ட்டர்ஸில் நான்கே வீடுகள். பக்கத்திலேயே அலுவலகம், அதன் தாழ்வாரத்தில் ஒரு பெரிய கூண்டு. ஊருக்குள் யாராவது சட்டத்தை மீறிக் கிளி வளர்த்தால் வனக்காப்பாளரான அப்பா போய்ப் பிடுங்கி வந்து அதில் விடுவார். வளர்த்தவர்கள் வெட்டிய இறகு மறுபடி முளைத்ததும் பறக்கவிடுவார்கள். நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தக் கூண்டுதான் பொழுதுபோக்கு.

எனக்குப் பத்து வயதில், பெண்ணாடம் பக்கம் பனைமரம் ஒன்று விழுந்தபோது அதிலிருந்த கிளிக்குஞ்சை அப்பா சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். உடம்பில் இறகே இல்லை. அவ்வளவு அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரே நாளில் அதன்மேல் பைத்தியமானேன். பொட்டுக்கடலை மாவைக் குழைத்து ஊட்டினேன். எங்கள் ஊர்ச் சூளையில் கோணிப்போய்க் கழித்த பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன்.

"றெக்கை மொளைக்கிற வரைக்குந்தான் நம்ம வூட்டுல," என்றார் அப்பா.

முளைத்தது. ஒரு மதியம் அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டேன். எந்த இறகை வெட்ட வேண்டும் என்று கூண்டைப் பார்த்தே வளர்ந்த எனக்குத் தெரியாதா என்ன?

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிளியைக் கொண்டுபோய் அந்தக் கூண்டில் விட்டார்.

அந்த வாரம் ஒரு டீச்சர் கொய்யாப்பழத்தோடு கூண்டுக்கு வந்தார். அவருடைய கிளியை அப்பா பிடுங்கி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன் பக்கத்திலிருந்த எங்கள் கிளியைப் பார்த்தார்.

"இது யாரு வூட்டுது சார்?"

"எங்க வூட்டுதுங்க."

"றெக்கைய வெட்டியிருக்குதே. எங்கிட்ட மட்டும் அவ்ளோ சட்டம் பேசுனீங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அப்பா யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

வெளியே வந்தேன். "நான்தான் வெட்டினேன் டீச்சர். அப்பாவுக்குத் தெரியாது."

"ஏம்மா வெட்டுன?"

"பறந்து போயிடும்னு."

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. பழத்தைப் பிட்டுப் பாதியை என் கையில் கொடுத்தார்.

"நானும் அதுக்குத்தாம்மா வெட்டுனேன்," என்றார்.