சிலிண்டரைக் கூரியரில் அனுப்பினேன்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது, லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டில் ஏழு பழைய பைக்குகள் பிரித்துப் போட்டபடி கிடந்தன. கம்பெனிகள் எப்போதோ நிறுத்திவிட்ட டூ-ஸ்ட்ரோக் பைக்குகள். அவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேலை பார்த்த கம்பெனி மூடியதும், வேறு இடம் தேடாமல் இந்தப் பழைய வண்டிகளை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, போட்டோ எடுத்து, செல்போனில் விற்பனைக்கு ஏற்றுவார். தேனியிலிருந்தும் ஹோசூரிலிருந்தும் யார் யாரோ கேட்பார்கள்.

விற்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை. அனுப்புவதுதான் விஷயம். நான் ஆபீஸ் முடிந்து வந்து டீ போடுகிற நேரத்தில், சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றியே பேசுவார். கார்புரேட்டர், கேபிள் மாதிரிச் சின்னச் சாமான் என்றால் தபால். எந்த மலைக்கிராமமாக இருந்தாலும் வீட்டு வாசல்வரை போய்விடும். முழு எஞ்சின் என்றால் லாரி பார்சல். நாலைந்து நாள் ஆகும், வாங்குகிறவர் குடோனுக்கு வந்துதான் எடுக்கவேண்டும், ஆனால் எடைக்குப் பயப்பட வேண்டியதில்லை. பெட்ரோல் டேங்க்கைக் கூரியரில் போட்டால், உள்ளே வெறும் காற்றுதான் இருந்தாலும் பெட்டியின் நீள அகலத்தை அளந்து அதை எடையாகக் கணக்குப் போட்டுக் காசு வாங்குவார்கள். உடைகிற சாமான் எதுவானாலும் பஸ்தான்.

"பஸ்ஸுல மட்டும் ஏன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் கையால குடுக்கறேன். வாங்கறவன் மூஞ்சியப் பாத்து, 'அடியில போடாதப்பா, மேல எதையும் அடுக்காத'ன்னு சொல்றேன். காலையில அந்த ஊர்ல அவங்க கையாலயே வாங்கிக்கறாங்க. நடுவுல எத்தினி கை மாறுதுன்னு பாரு, அதான் கணக்கு."

நான் பாதிதான் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. "சரி." தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி. ஃபேனை நிறுத்து என்றாலும் சரி. வலிக்கிறது என்றாலும் சரி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னிடம் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "அந்த வார்த்தைக்கு அர்த்தம் இல்லக்கா. அவரு வேற என்னமோ சொல்ல வர்றாரு, வாயில இது வருது. நீங்க மூஞ்சியப் பாருங்க, கையப் பாருங்க. வார்த்தைய எடுத்துக்காதீங்க."

இதை எனக்கு ஒருவர் சொல்லியிருந்தார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஒரு மாதம் போனதும் ஷெட்டில் இருந்ததை நானே விற்கத் தொடங்கினேன். அவருடைய போனிலிருந்து அவர் எழுதுகிற மாதிரியே பதில் எழுதினேன். அவருக்கு உடம்பு முடியவில்லை என்று யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் முடிந்துபோனதை நானே ஒப்புக்கொள்வது மாதிரி இருக்கும் என்று தோன்றியது. எது எந்தப் பாகம் என்று தெரியாதபோது அவர் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போவேன். இடது கையால் வாங்கித் தடவிப் பார்ப்பார். நான் ஒவ்வொரு பெயராகச் சொல்வேன். சரியான பெயர் வந்ததும் கண் விரியும். அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தும் இருக்கிறோம்.

தேனியிலிருந்து ஒருவர் எஞ்சினின் சிலிண்டர் பிளாக் கேட்டார். முன்பே என் கணவரிடம் பல சாமான்கள் வாங்கியவர். தேய்மானம் இல்லாத பிளாக் அது ஒன்றுதான் ஷெட்டில் இருந்தது. சூடு ஆறுவதற்காகச் சுற்றிலும் ஃபின் என்கிற மெல்லிய வார்ப்பிரும்புத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் பிஸ்கட் மாதிரி உடையும். இந்த விவரம் எனக்கு அப்போது தெரியாது. இரும்பு என்றால் இரும்பு என்று நினைத்தேன்.

அந்த வாரம் ஆபீசில் எனக்கு லீவு இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வரிசையில் நின்று திரும்ப இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆபீஸ் நேரத்துக்கே பக்கத்து வீட்டு அம்மாதான் அவரைப் பார்த்துக்கொண்டார், அதற்குமேலும் இருக்கச் சொல்ல எனக்குத் தயக்கம். கூரியர் என்றால் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள். அட்டைப்பெட்டியில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, டேப் ஒட்டி, கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

"ஏங்க, தேனிக்குப் போற சிலிண்டர். கூரியர்ல அனுப்பிடட்டுமா?"

"சரி" என்றார்.

"அனுப்பிடறேன், இன்னா?"

"சரி. சரி. சரி. சரி." இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். வாசல் பக்கம் கையை நீட்டினார். முகம் சிவந்துபோனது. அவர் தெருவைக் காட்டுகிறார், தெருவுக்கு அந்தப்பக்கம் உள்ள எதையோ காட்டுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், கூரியர் ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தார், எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

"அதான் சரின்னுட்டீங்கள்ல, அப்புறம் எதுக்குக் கத்தறீங்க?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கொடுத்தேன்.

நாலாம் நாள் தேனிக்காரர் போன் செய்தார். நான் எடுத்ததும், "அண்ணன்ட்ட குடுங்கக்கா" என்றார். குரலில் கோபம் இருந்தது.

"என்னா விஷயம், எங்கிட்ட சொல்லுங்க."

"அஞ்சு ஃபின்னு உடைஞ்சு தூளாக் கெடக்குக்கா. அடிப்பக்கம் போல்ட் மாட்டுற காதும் போச்சு. அண்ணன் ஒருநாளும் இப்படி அனுப்புனதே இல்ல. பலகைப் பெட்டி அடிச்சு, டயர் டியூபைச் சுத்தி, பஸ்ல ஏத்திட்டு டிரைவர் நம்பரோட எனக்கு அனுப்புவாரு. இது அவரு கட்டுன பார்சலே இல்லையே. அவர்ட்டக் குடுங்க, நாலு வார்த்தை கேக்கணும்."

"அவரால பேச முடியாதுங்க" என்றேன். அதற்குமேல் மூடிவைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது தெரியாம நான் பாட்டுக்கு..." என்றார். "சிலிண்டர் கெடக்கட்டும்க்கா. பணத்தத் திருப்பி அனுப்பிராதீங்க. அண்ணன் காதுல போனை வையுங்க, நான் பேசுறேன். அவரு கேட்டா மட்டும் போதும்."

வைத்தேன். தேனிக்காரர் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. என் கணவர் இடது கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். சரி, சரி என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணீர் காது வழியாகத் தலையணையில் இறங்கியது. போனை வாங்கி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸுல அனுப்பச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். கையை உருவிக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என்மேல் கோபமா, தன் வாயின்மேல் கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த சனிக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாவை உட்காரவைத்துவிட்டு, ஹெட்லைட் ஒன்றை நானே பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துப்போனேன். பார்சல் வாங்கியவரிடம், அடியில் போடாதீர்கள் என்று சொன்னேன். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, எந்த இடத்தில் வைத்தார்கள், யார் வாங்கினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையை ஆட்டியபடி கேட்டார். அதன்பிறகு எதை அனுப்பினாலும், தபால், லாரி, பஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, அவர் கை எதற்கு எழுகிறது என்று காத்திருந்தேன். ஒரு பார்சலுக்கு அரைமணி நேரம்கூட ஆகும். அப்படி எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மாதம்.

இரண்டாவது முறை பக்கவாதம் வந்தபோது அவர் வீடு திரும்பவில்லை. கதிர்காமத்தில் ஒன்பது நாள் இருந்தார். கடைசி மூன்று நாள் அந்த ஒரு சொல்லும் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஷெட்டில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேசுவதற்கு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மீதிச் சாமான்களை விற்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டி ஒவ்வொரு ஊருக்கும் அனுப்புவது, அவரையே துண்டு துண்டாக வழியனுப்புவது மாதிரி இருந்தது. விழுப்புரத்து மெக்கானிக் ஒருவர் குட்டி யானை வண்டியோடு வந்து, எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போனார். ஷெட்டைக் கழுவிவிட்டேன். ஆயில் கறை போகவில்லை.

போன வாரம் அவர் போனில் ஒரு செய்தி வந்தது. யாரோ நாகர்கோவிலிலிருந்து. பழைய போட்டோவைப் பார்த்து, டேங்க் இருக்கிறதா, எதில் அனுப்புவீர்கள் என்று கேட்டிருந்தார். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தேன். கூரியர் வேண்டாம், பெட்டி அளவுக்கு எடை போடுவார்கள், லாரி என்றால் மேலே சாமான் அடுக்கி டேங்க் நசுங்கிவிடும், பஸ்ஸில் போட்டால் மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளலாம், பெட்ரோல் வாசனை போகக் கழுவி வெயிலில் காயவைத்துத்தான் தருவோம் என்று விவரமாக எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் டேங்க் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.