ஹஜரத் நோன்பை விட்ட நண்பகல்

போன ரமலானில் ஒரே நாளில் என் மனைவியையும் அவள் வயிற்றிலிருந்த பிள்ளையையும் இழக்கப் பார்த்தேன். அல்லாஹ் எப்படிக் காப்பாற்றினான் என்பதைச் சொல்லத்தான், சகோதர சகோதரிகளே, இதை எழுதுகிறேன். தருமபுரத்தில் செருப்புக் கடை வைத்திருப்பவன் நான். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிஷாவுக்கு எட்டாவது மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறது, கவனம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று காலை குளித்துவிட்டு வந்தவள், "என்னங்க" என்று ஒரு குரல் கொடுத்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் தரையெல்லாம் இரத்தம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்த சிறிய மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், ஆனா அவ்வளவு தூரம் தாங்காது. இங்கேயே ஆபரேஷன் பண்ணிடுறேன். ஓ நெகட்டிவ் ஒரு பைதான் இருக்கு. இன்னும் ரெண்டு வேணும், உடனே ஆளக் கொண்டாங்க."

நிஷாவின் அண்ணன் ஜாபர் மச்சானுக்கும் எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜரத்துக்கும் அதே வகை. முன்பு ஒரு முகாமில் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். இருவருக்கும் போன் போட்டேன்.

மச்சான்தான் முதலில் வந்தார். "சாப்பிட்டீங்களாண்ணே? வெறும் வயித்துல ரத்தம் எடுக்க மாட்டோம்" என்றார் நர்ஸ். மச்சானுக்கு நோன்பை விடவும் மனமில்லை, தங்கையை விடவும் மனமில்லை.

"சாப்பிட்டாச்சு சிஸ்டர்."

"என்ன சாப்பிட்டீங்க?"

பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். வாயில் வந்ததைச் சொன்னார். "நோன்புக் கஞ்சி."

நர்ஸ் காரைக்காலில் பிறந்து வளர்ந்தவர், நோன்புக் கஞ்சி சாயங்காலம்தான் ஊற்றுவார்கள் என்பது தெரிந்தவர். "மத்தியான பாங்கே இன்னும் சொல்லல. அதுக்குள்ள உங்களுக்கு மட்டும் எந்தப் பள்ளிவாசல்லண்ணே கஞ்சி ஊத்துனாங்க?"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

"மஃரிப் வரைக்கும் பொறுத்துக்குங்க சிஸ்டர், நோன்பு திறந்ததும் எடுத்துக்குங்க" என்று மச்சான் கெஞ்சினார்.

"அதுவரைக்கும் உங்க தங்கச்சி பொறுக்கணுமேண்ணே."

நான் சுவரோரமாகப் போய்க் கையேந்தினேன். யா அல்லாஹ், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் சூரியனை இறக்கி மஃரிபைச் சீக்கிரம் கொண்டு வா. வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தபோது ஹஜரத் வந்திருந்தார். நர்ஸ் சொன்னதைக் கேட்டார். மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, எல்லோரும் பார்க்கக் குடித்தார்.

"ஹஜரத்!" என்று மச்சான் பதறிப்போனார்.

"நீங்களும் குடிங்க தம்பி. உயிரக் காப்பாத்த நோன்ப விடலாம், மார்க்கத்துல அனுமதி இருக்கு. இந்த நோன்பப் பெருநாள் கழிச்சு, விட்டதுக்குப் பதிலா, களாவா வச்சுக்கலாம். தங்கச்சி போயிட்டா களா வைக்க முடியுமா?"

நர்ஸ் பன்னும் டீயும் கொண்டுவந்தார். மச்சான் அழுதுகொண்டே தின்றார். பிறகு இருவரும் கையை நீட்டினார்கள். மத்தியான லுஹர் பாங்கு கேட்டபோது ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. பிற்பகல் அசர் தொழுகைக்குள் பெண் பிள்ளை பிறந்துவிட்டது. கைக்குள் அடங்குகிற அளவு, குரல் மட்டும் பெரிது. "அம்மாவும் நல்லாருக்காங்க" என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னதும், அந்த வராந்தாவிலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன்.

ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்பவன் நான். இப்போது எந்தத் தாய்க்கு இரத்தம் வேண்டுமென்றாலும் கடையை அடைத்துவிட்டுப் போய் நிற்கிறேன். கண்ணை மட்டும் இன்னும் மூடிக்கொள்கிறேன்.

பெருநாள் கழித்து ஹஜரத்தும் மச்சானும் ஒரே நாளில் அந்த நோன்பை வைத்தார்கள். எங்கள் வீட்டில்தான் திறந்தார்கள். கஞ்சியை ஊற்றிய நிஷா, "இப்ப நர்ஸ்கிட்ட தைரியமா சொல்லலாம்ணே" என்றாள். ஹஜரத்துக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அவனிடம் கேளுங்கள். சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். நான் சூரியனைச் சீக்கிரம் இறக்கச் சொல்லிக் கேட்டேன். அவன் ஹஜரத்தை அனுப்பினான். அன்று சூரியன் தன் நேரத்துக்குத்தான் மறைந்தது. அப்போது என் மகள் தன் தாயின் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.