வேனுக்குத் தண்ணீர் ஊற்றியவள்

போன மாதம் மறைமலை நகரில் ஒரு கல்யாணம். ஆராதனை முடியும் முன்பே பந்திப் பக்கம் நகர்ந்துவிடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். இதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. வேதக்கோயிலுக்குப் பின்னால் பிரியாணி அண்டா இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சமையல்காரர்களின் வேன், முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு புஸ்ஸென்று ஆவி விட்டபடி நின்றது. சூடான துருவும் கொதித்த தண்ணீரும் கலந்த ஒரு வாசனை. உள்ளே சபை ஐயர், எங்கள் கல்யாணங்களில் தப்பாமல் வருகிற அந்த பைபிள் கதையை ஆரம்பித்திருந்தார். எஜமானுடைய மகனுக்குப் பெண் தேடிப் போன ஊழியக்காரன் கிணற்றடியில் நின்று ஜெபம் பண்ணுகிறான். எனக்குத் தண்ணீர் கொடுத்து, ஒட்டகங்களுக்கும் ஊற்றுகிறேன் என்று எவள் சொல்கிறாளோ அவள்தான் பெண் என்று அடையாளம் கேட்கிறான். கேட்டு முடிப்பதற்குள் ரெபெக்காள் குடத்தோடு வந்து நிற்கிறாள். அந்த வாசனையும் ஒலிபெருக்கியும் ஒன்று சேர்ந்தன. தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நான் பிரியாணித் தட்டைக் கீழே வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரரிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஒரகடத்தில் செல்போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. தங்கியது வல்லத்தில், சிவப்பு கேட் போட்ட ஒரு வீட்டில். வாசலில் ‘மகளிர் விடுதி’ என்று எழுதியிருக்கும், உள்ளே ஆறு பாய் விரித்தால் கதவு திறக்காது. ஆறு பேரின் நீலக் கோட்டுகளும் ஒரே ஆணியில் தொங்கும். சோப்பு, வேர்வை, கம்பெனியின் ஏசி எல்லாம் சேர்ந்து அந்தக் கோட்டுக்கு ஒரு வாசனை உண்டு. ஊருக்குப் போனால் அம்மா முதலில் என்னை மோந்து பார்ப்பாள், “ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குதுடி” என்பாள். அதற்கடுத்து என் கல்யாணப் பேச்சு. மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நாலு வீட்டார் வந்து, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் திரும்பி வரவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்து இளைத்துப்போனாள். அவள் இளைத்த பங்குக்கு நான் பெருத்தேன்.

அப்பா லாரி ஓட்டியவர். நான் மூன்றாவது படிக்கும்போது ரோட்டிலேயே போய்விட்டார். அவர் லாரியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாட்களில் பம்பர் மேல் ஏறி நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. “சூடு தணியட்டும்மா, ஒடனே ஊத்தக் கூடாது” என்பார். இதை ஹாஸ்டலில் ஒருத்தியிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் அழுகை வரும். ஒருத்தி அழுதால் ஆறு பேரும் அழுவார்கள், மறுநாள் யாரும் ஷிப்டுக்கு எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அம்மா முறுக்கு டப்பாவோடு வந்து நின்றாள். காலையில் எழுந்ததும் என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதாம். அவள் வந்த அரைமணி நேரத்தில் வாசலில் ஒரு பழைய லோடு வேன் நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவரும், பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாளும் இறங்கினார்கள். பெரியவர் என்னைப் பார்த்ததும் கைகூப்பி, “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவர்தான் அருள்தாஸ். மறைமலை நகரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு முப்பது வருஷமாக டிரைவர். கூட வந்தவர் முதலாளியின் தங்கை. என்னோடு தங்கியிருந்த கோமதி ஓடிப்போய்க் காபி போட்டு வந்தாள். பெரியவர் தம்ளரைத் தொடவில்லை.

“மொதல்ல வந்த விஷயத்த சொல்லிடறேம்மா. அப்பறம்தான் காபி. மொதலாளி படுத்த படுக்கையா கீறாரு. பைபிள் மேல கைய வெக்கச் சொல்லி சத்தியம் வாங்கினாரு. ‘அருளு, பையனுக்கு நம்ம ஜனத்துல, கர்த்தருக்குப் பயந்த பொண்ணா நீ பாரு’ன்னாரு. எனக்கு இன்னா தெரியும் பொண்ணு பாக்க? வண்டி ஓட்டத்தான் தெரியும். வியாழக்கெழம மூணரை மணிக்கு வல்லக்கோட்டை ரோட்டுல வண்டி சூடாயி நின்னுபோச்சி. அடிபம்பாண்ட நிறுத்திட்டு, கண்ண மூடிகினு கேட்டேன். ‘ஆண்டவரே, இங்க வர்ற பொண்ணு எனக்கும் தண்ணி குடுத்து, வண்டிக்கும் ஊத்தட்டுமான்னு அதுவா கேக்கணும். கேட்டா அதான் எங்க தம்பிக்கு.’ ஆமென்கூட சொல்லல. ‘ஐயா, குடிங்க, வண்டிக்கும் ஊத்தட்டுமா’ன்னு கொரலு. கண்ண தெறந்தா, இந்தப் பொண்ணு.”

நான் கோமதியைப் பார்த்தேன். கோமதி என்னைப் பார்த்தாள்.

“மூணு கொடம் அடிச்சி ஊத்திச்சி. ‘சூடு தணியட்டும், ஒடனே ஊத்தக் கூடாது’ன்னு எனக்கே சொல்லிச்சி. ‘எங்கப்பா லாரிக்கு நாந்தான் ஊத்துவேன், பம்பரு மேல ஏறி நின்னுகினு’ன்னு சொல்லிச்சி. பேரு சொல்லிச்சி. ‘செவப்பு கேட்டு வூடு, ஞாயித்துக்கெழம எங்கம்மா வருவாங்க, வந்து கேளுங்க’ன்னிச்சி. காலையில சபையில சாட்சி சொல்லிட்டு நேரா இங்கதான் வரோம்.”

சொல்லி முடித்துவிட்டுத்தான் காபியைக் குடித்தார். ஆறிப்போயிருக்கும். ஒரே மடக்கில் குடித்தார்.

அந்த வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு நான் கம்பெனிக்குள் லைனில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். பாத்ரூமுக்குப் போகக்கூட சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. வல்லக்கோட்டை ரோட்டுக்கு நான் எங்கே போக? ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. அன்று மதியம் என் கையுறைக்குள் நசநசவென்று ஈரம். சார்ஜர் போர்டில் ஈரம் படக் கூடாதென்று சூப்பர்வைசர் கத்தினார், இரண்டு முறை மாற்றியும் நனைந்தது. அது நிஜமா, பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டதா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. பயந்தவள் ஞாபகத்தை நம்பக் கூடாது.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே முழங்கால் போட்டாள். பட்டுப்புடவை அம்மாளும் போட்டாள். கோமதி, வல்லக்கோட்டை முருகனைத் தவிர வேறு யாரையும் கும்பிட்டறியாதவள், அவளும் போட்டாள். ஜெபம் முடிந்ததும் அம்மா என் முகத்தைத் தூக்கி, “போறியாடி?” என்றாள். அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். “போறேன்” என்றேன்.

அவர்கள் போன பிறகு ஹாஸ்டலில் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். என் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாயா, என் பெயரைச் சொன்னாயா என்று. யாரும் போகவில்லை. அப்பாவின் லாரியைப் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கோமதி மட்டும், “கம்முனு இருடி. எவளோ ஊத்தினா, ஒனக்கு வாழ்க்க கெடச்சிது. இன்னா கொறஞ்சி பூடும்?” என்றாள். அன்றிலிருந்து என்னைப் போலவே அவளும் தண்ணீர் எடுக்க அந்த அடிபம்புப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்தவன் ஜெபத்துக்குப் பதிலாக வந்தவள் என்று உங்களை யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? பிரசங்கங்களில் ஊழியக்காரனைப் பற்றிச் சொல்வார்கள், ஒட்டகத்தைப் பற்றிக்கூடச் சொல்வார்கள். ரெபெக்காளுக்கு அன்று தூக்கம் வந்ததா என்று ஓர் ஐயரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வரவில்லை. அந்த ஜெபத்துக்கு உரியவள் எங்கேயோ குடத்தோடு நிற்க, நான் அவளுடைய மாப்பிள்ளையைத் திருடிக்கொண்டு போகிறேன் என்றே இருந்தது.

பத்து நாள் கழித்து நிச்சயதார்த்தப் புடவை கொடுக்க அருளண்ணன் வந்தார். அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அது நான் இல்ல. நான் அன்னிக்கு கம்பெனியில இருந்தேன்.”

அவர் புடவைப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு, “ஒங்கப்பாரு லாரி ஓட்டினாரா இல்லியா?” என்றார்.

“ஓட்டினாரு.”

“நீ தண்ணி ஊத்தினியா இல்லியா?”

“சின்னப் புள்ளையில ஊத்தினேன்.”

“அப்பறம் இன்னாம்மா?” என்றார். புடவைப் பையை என் கையில் திணித்தார். “நான் கர்த்தர்கிட்ட வாயால கேட்டு வாங்கினேன். சபையில சாட்சி சொல்லிட்டேன். மொதலாளி அன்னிக்குத்தான் ரெண்டு வாயி கஞ்சி குடிச்சாரு. இப்ப நீ இல்லன்னா, அது யாரும்மா? நான் யார்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சேன்?”

அந்த மனுஷன் முகத்தில் இருந்த பயத்தை அதற்கு முன் நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், “மறந்துட்டிருப்பேன் அண்ணே, நானாத்தான் இருக்கும்” என்றேன். இரக்கத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கல்யாண ஆசையும் அதில் பாதி இருந்தது. அவர் தலையாட்டினார். நம்பினார் என்று நான் நினைக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. ரெபெக்காளுக்கு மாப்பிள்ளையான ஈசாக்கு சாயங்காலம் வயல்வெளியில் தியானம் பண்ணிக்கொண்டிருந்தபோது பெண் வந்து சேர்ந்தாளாம். என்னவர் பட்டறைக்குப் பின்னால் நின்று செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். மாமனார் என்னைப் பார்த்துவிட்டு ஒரே மாதத்தில் நிம்மதியாகக் கண்ணை மூடினார். பதினாறு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிப்போனது. ஆனால் வாசலில் தெரியாத பெண் யாராவது வந்து நின்றால், அது எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும், நான் சமையலறைக்குள் போய்விடுவேன். வீட்டில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ‘என்ன’ என்று கேட்க மாட்டேன். ஒரு நொடி பொறுப்பேன். வேறு யாராவது பதில் சொல்லிவிடட்டும் என்பது போல. “ஒனக்குக் காது டமாரமாடி?” என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

அருளண்ணன் அந்த வேலையை விடவேயில்லை. கல்யாணமே கட்டாத ஆள். வயதானதும் பட்டறையை ஒட்டிய அறையில் வைத்துக்கொண்டோம். போன வருஷம் அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. மத்தியானம் மூன்று மணியானால் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய் நிற்பார்.

“எங்க அண்ணே கெளம்பிட்டீங்க?”

“வல்லக்கோட்டை ரோட்டாண்டம்மா. ஒரு பொண்ணு நிக்குது. அத அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன்.”

“எந்தப் பொண்ணு?”

“தண்ணி ஊத்திச்சே, அது.”

“அது நான்தானே அண்ணே.”

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். வழி தெரியாதவரிடம் பேசுவது போல மரியாதையாகச் சிரித்தார். “இல்லம்மா. நீங்க வூட்டம்மா. அது வேற பொண்ணு.”

தினமும் இதே பேச்சு. கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். நான் வேலை பார்த்த கம்பெனி மூடி வருஷக்கணக்காகிவிட்டது. கேட்டில் பூட்டு, உள்ளே ஆளுயரத்துக்குச் சீமைக்கருவை. சிவப்பு கேட் வீடு இருந்த இடத்தில் ஏதோ குடோன். ரோட்டை அகலப்படுத்தியதில் புளியமரங்களும் போய், பம்பும் போய், எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. “நிறுத்தும்மா” என்றார்.

இறங்கி ரோட்டோரம் நாலடி நடந்தார். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். எதிரே வெறும் மண். கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் பேச வாயெடுத்தபோது ஒரு லாரிகூட வரவில்லை. அந்த ரோட்டில் மத்தியானத்தில் அப்படி ஒரு நிசப்தம் இருக்க முடியாது. இருந்தது.

“இவங்கதாம்மா எங்க வூட்டம்மா,” என்றார் அந்த வெற்றிடத்தைப் பார்த்து. “நல்லவங்க. தம்பிய நல்லா பாத்துக்கறாங்க. நான் ஒன்ன இத்தினி வருசம் நிக்க வெச்சிட்டேன், மன்னிச்சிக்கோ. நீ ஊத்தின தண்ணிக்குக் கர்த்தர் ஒன்ன ஆசீர்வதிப்பாரு. போம்மா, நீ வூட்டுக்குப் போ.”

பிறகு காதைச் சாய்த்துக் கேட்டார். “சரி… சரிம்மா, சொல்லிடறேன்” என்று தலையாட்டினார். லாரிகள் மறுபடி வந்தன.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் எனக்கு ஏதோ சொல்ல வேண்டும் என்பது போல முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. ரேடியோவைப் போட்டேன். இரண்டு வாரத்தில் அவர் போய்விட்டார். அவள் என்ன சொல்லச் சொன்னாள் என்பதும் அவரோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் நான் உடனே பதில் சொல்கிறேன். பிள்ளைகளுக்கே ஆச்சரியம். எனக்கு முன்னால் பதில் சொல்ல இனி யாரும் இல்லை, அவ்வளவுதான். அப்பா எனக்குச் சொன்னதெல்லாம் தெரிந்த ஒருத்தி, கேட்காமலே வந்து எனக்காக மூன்று குடம் தண்ணீர் அடித்து ஊற்றியவள், அவள் வந்துவிடுவாளோ என்றுதான் பதினாறு வருஷம் பயந்துகொண்டிருந்தேன். இனிமேல் வர மாட்டாள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அழுகையே வருகிறது.