தொட்டிலுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு

1891 மார்ச் 9, திங்கட்கிழமை. வழக்கம்போல விடியலில் குளித்து, கம்பங்கூழ் குடித்துவிட்டுப் பண்ணையார் வீட்டுக்குப் போனேன். காலையில் மூத்த மகனுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக்கொடுப்பேன். மத்தியானம் கைக்குழந்தையின் தொட்டிலை ஆட்டுவேன். பதினாறாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்னால்தான் அது தூங்கும் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த உத்தியோகமும் என்னுடையதாயிற்று.

உண்மையில் நான் தேடியது மலைமேல் அணை கட்டும் ஆபீஸில் குமாஸ்தா வேலை. அங்கே வண்டிமாடு அனுப்பும் பண்ணையார், துரையிடம் சொல்வதாகப் பொங்கலன்றே வாக்குக் கொடுத்திருந்தார். இந்த வாரத்துக்குள் ஆள் எடுத்துவிடுவார்கள் என்பதால் அன்று கேட்டே விட்டேன்.

"நீங்க மலையேறிட்டா பிள்ளைய யாரு உறங்க வைக்கிறது, வாத்தியாரே?" என்றார்.

"ஐயாவே வாய்ப்பாடு சொல்லலாமே."

"பத்து வரைக்கும் எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்றார் கம்பீரமாக.

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். "பத்துக்கே முழிச்சு அழுகும் வாத்தியாரே. இவுகளுக்கு மிச்சத்தையும் சொல்லிக்கொடுங்க. கத்துக்கிட்டா அன்னைக்கே துரைகிட்டப் போவாக. அதுக்கு நான் பொறுப்பு."



மறுநாள் காலை முதல் வேலையாக, மகனைச் சிலேட்டில் எழுத விட்டுவிட்டு, அப்பாவுக்குப் பதினோராம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன்.